பக்கவாதத்துக்குப் பின் கை: மின்சாரம் எவ்வளவு, பயிற்சி எவ்வளவு?

பக்கவாதத்தில் தளர்ந்த கையின் இயக்கத்தை மருத்துவ ஆய்வுகள் பெரும்பாலும் 66 புள்ளிகளில் அளக்கின்றன. பியூகல்-மேயர் அளவுகோல் என்று அதற்குப் பெயர். 33 சோதனைகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். 5 அல்லது 6 புள்ளி கூடினால்தான் அன்றாட வாழ்வில் மாற்றம் தெரியும் என்பது ஆய்வாளர்களின் பொதுக்கணக்கு.

அமெரிக்காவில் 164 நோயாளிகளைக் கொண்ட எவரெஸ்ட் ஆய்வு, மூளையின் மேலுறைமீது மின்முனை பதித்துத் தூண்டியது. வரையறுத்த முன்னேற்றத்தை 4 வாரத்தில் எட்டியவர்கள் 32%. பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 29%. மண்டை ஓட்டைத் திறந்து பெற்ற வேறுபாடு 3 சதவீதப் புள்ளி. அதுவும் தற்செயலாக இருக்கலாம். காந்தத் தூண்டலைச் சோதித்த 2018ஆம் ஆண்டு ஆய்வில் 199 பேர்: தூண்டல் பெற்றவர்களில் 67%, போலித் தூண்டல் பெற்றவர்களில் 65% முன்னேறினர்.

உச்சந்தலையில் மின்முனை வைத்து மெல்லிய நேர்மின்னோட்டம் செலுத்தும் முறை எளியது, மலிவானது, ஆய்வுகளும் ஏராளம். 2020இன் காக்ரேன் மீளாய்வு 67 ஆய்வுகளில் 1,729 பேரைக் கணக்கில் எடுத்தது. சராசரி, ஆய்வுக்கு 26 பேர். அத்தனை சிறிய குழுக்களில் நல்விளைவு போலத் தெரிவதைப் பெரிய ஆய்வில்தான் உரசிப் பார்க்க முடியும். 129 பேர் பங்கேற்ற டிரான்ஸ்போர்ட்-2 ஆய்வு அதைச் செய்தது. 2 வாரத்தில் 10 அமர்வு. எல்லாருக்கும் தீவிரக் கைப்பயிற்சி. 4 மில்லி ஆம்பியர் பெற்றவர்கள் 5.53 புள்ளியும், 2 மில்லி ஆம்பியர் பெற்றவர்கள் 3.87 புள்ளியும், மின்சாரமே பெறாதவர்கள் 4.91 புள்ளியும் கூடினர். இந்த வேறுபாடுகள் புள்ளியியல் முறையில் பொருட்படுத்தத்தக்கவை அல்ல.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கழுத்தின் இடப்பக்க வேகஸ் நரம்பில் கருவி பதித்து, கை அசையும் அதே கணத்தில் மூளைக்குத் தூண்டல் அனுப்பும் முறை. பிரிட்டன், அமெரிக்காவின் 19 மையங்களில் 108 பேரிடம் நடந்த சோதனை 2021இல் வெளியானது. எல்லாருக்கும் கருவி பதிக்கப்பட்டது. 53 பேருக்கு உண்மைத் தூண்டல், 55 பேருக்குப் போலி. 6 வாரத்தில் 18 அமர்வுகள் முடிந்தபோது முன்னேற்றம் 5.0 புள்ளி, 2.4 புள்ளி. 90 நாள் கழித்து, 6 புள்ளியோ அதற்கு மேலோ கூடியவர்கள் 23 பேர், 13 பேர். முழுக்குழுவையும் வகுஎண்ணாகக் கொண்டால் 43%, 24%. அதாவது ஏறத்தாழ 5 பேருக்குக் கருவி பதித்தால் ஒருவர் கூடுதலாகப் பயன் பெறுகிறார். ஒருவருக்கு அறுவையால் குரல்நாண் தளர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க அரசு கருவிக்கு ஒப்புதல் அளித்தது.

இதில் செலவாகும் மின்சாரம் வியக்கத்தக்க அளவு குறைவு. 0.8 மில்லி ஆம்பியர், 100 மைக்ரோ நொடித் துடிப்பு, நொடிக்கு 30 வீதம், அரை நொடி: ஓர் அசைவுக்கு 15 துடிப்பு, 1.2 மைக்ரோ கூலூம். 300 அசைவுக்கு 360 மைக்ரோ கூலூம். உச்சந்தலையில் 2 மில்லி ஆம்பியரை 30 நிமிடம் செலுத்தினால் 3.6 கூலூம், 10,000 மடங்கு. தலைமேல் செலுத்துவதில் பெரும்பகுதி தோலிலும் எலும்பிலும் கசிந்துவிடுவதால் இது நேர்நிகர் ஒப்பீடு அல்ல. ஆயினும் அளவைவிடத் தருணம் முக்கியம் என்ற கருத்துக்கு இந்த எண் இடம்தருகிறது.

அந்த 300 என்ற எண்ணில்தான் நான் அதிகம் நிற்கிறேன். வேகஸ் சோதனையில் ஓர் அமர்வுக்கு 300க்கு மேற்பட்ட அசைவுகள் செய்யப்பட்டன. அமெரிக்காவிலும் கனடாவிலும் 312 வழக்கமான சிகிச்சை அமர்வுகளைக் கவனித்து 2009இல் வெளியான ஆய்வு, பயன்பாட்டுக் கைப்பயிற்சி நடந்த அமர்வுகளில் கண்ட சராசரி 32. 18 அமர்வுக்குக் கணக்கிட்டால் 5,400 எங்கே, 576 எங்கே! அமர்வின் நீளம் வேறுதான். ஆனாலும் இடைவெளி 9 மடங்குக்கு மேல்.

கருவி வேண்டாம் என்பதல்ல என் வாதம்; 2.4ஐ 5.0 ஆக்கியது அதுதான். ஆனால் 32ஐ 300 ஆக்க மின்சாரம் தேவையில்லை. இயன்முறை மருத்துவரின் நேரம் தேவை. கருவிக்குப் பணம் ஒதுக்கும் மருத்துவமனை அந்த நேரத்துக்கு முதலில் ஒதுக்கட்டும். நோயாளியின் வீட்டார் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுவே: இன்றைய அமர்வில் கை எத்தனை முறை அசைந்தது?