பேர் விழுந்ததா, பேர் வந்தார்களா

"இந்த மாசம் எனக்குப் பதினாலு பேருதான் விழுந்துச்சு." இலங்கை மலையகத்தின் வலப்பனைப் பிரதேசத்தில் இராகலைப் பக்கமோ உடப்புசல்லாவைப் பக்கமோ எந்தத் தேயிலைத் தோட்டத்திலும் சம்பள நாளில் ஒரு பெண் சொல்லக் கேட்கக்கூடிய பேச்சு இது. தோட்டத்தை அறியாத ஒருவர் இதை ஆங்கிலத்தில் எழுதினால் பதினான்கு ஆட்கள் கீழே விழுந்துவிடுவார்கள். கொஞ்சம் கவனமானவர் "நேம்" என்று போடுவார், அதுவும் சரியில்லை. அந்தப் பெண் சொன்னது தன் கூலியை.

மலையக முதியவர்களின் வாக்குமூலங்களும் பாடல்களும் முறைப்பாடுகளும் இப்போது ஆய்வாளர்களுக்காகவும் கம்பனிகளுக்காகவும் ஆங்கிலத்துக்குப் போகின்றன. அப்படிப் பெயர்க்கும்போது வினைச்சொல்லால் வரும் சிக்கல் குறைவு. பல பொருள் தரும் பெயர்ச்சொற்கள்தான் அர்த்தத்தைக் கெடுக்கின்றன. அவற்றைக் கையாள ஒரு முறை இருக்கிறது. அகராதியைத் திறப்பது அதில் முதல் வேலை அல்ல.

முதல் வேலை, பேச்சை வந்தபடியே எழுதுவது. "பேரு விழுந்துச்சு" என்றால் அப்படியே எழுத வேண்டும். திருத்தமான தமிழுக்கு மாற்றி "பெயர் பதியப்பட்டது" என்று எழுதிய மறுகணமே, பொருளைக் காட்டித்தரும் தடயம் அழிந்துவிடுகிறது. பக்கத்தில் மூன்று விபரங்களும் வேண்டும்: பேசியவர் என்ன வேலை செய்தவர், எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறார், அதற்கு முந்திய வசனம் என்ன. சொல்லை மட்டும் பிடுங்கி எடுத்து வைத்துக்கொண்டு எவராலும் பெயர்க்க முடியாது.

அடுத்து, அந்தச் சொல்லின் எல்லாப் பொருள்களையும் தமிழிலேயே எழுதிவைக்க வேண்டும். ஆங்கிலம் இப்போதைக்கு வேண்டாம். ஆங்கிலச் சொல் ஒன்று மனதில் ஏறிவிட்டால் மற்றப் பொருள்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். "பேர்" என்பதற்கு நாமம், ஆட்களின் எண்ணிக்கை, நற்பெயர் ஆகிய மூன்றும் எல்லாத் தமிழருக்கும் தெரிந்தவை. நான்காவது தோட்டத்துக்கே உரியது. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்புகிறார்கள்; வேலை செய்தவரின் பெயர் செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் பதிவாகிறது. பெயர் பதிவானால் அன்றைய கூலி உண்டு. ஆகவே பேர் என்பதே ஒரு நாள் கூலியின் அளவாகிவிட்டது. குறித்த கிலோ கொழுந்து எடுக்காதவருக்கு அரைப்பேர். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆன பிறகு இந்தக் கிலோக் கணக்கு தோட்டங்களில் பெரும் பிணக்கானது. ஒரு பேர் குறைந்தால் கூலி குறைகிறது, கூடவே ஊழியர் சேமலாப நிதிக்குப் போகும் தொகையும் குறைகிறது. மொழிபெயர்ப்பாளர் இந்தச் சொல்லில் பிழைவிட்டால் ஒரு தொழிலாளியின் கணக்கிலேயே பிழைவிட்டவராகிறார்.

நான்கில் எது என்று தீர்ப்பது எப்படி? பெயர்ச்சொல்லின் பக்கத்தில் நிற்கும் வினையைக் கேட்க வேண்டும். தமிழ் இதில் நமக்குப் பெரிய உதவி செய்திருக்கிறது. "பதினாலு பேரு வந்தாங்க" என்றால் வினை உயர்திணை. அங்கே பேர் என்பது ஆட்கள். "பதினாலு பேரு விழுந்துச்சு" என்றால் வினை அஃறிணை. அங்கே பேர் என்பது கூலிநாள். திணை மாறியதும் பொருளும் மாறிவிட்டது. பேரோடு சேரும் வினைகளையும் பாருங்கள். பேர் வைத்தால் குழந்தைக்கு. பேர் எடுத்தால் புகழ். பேர் போட்டால், பேர் வெட்டினால், பேர் விழுந்தால் செக்ரோல். பள்ளியில் தொல்காப்பியம் தொடங்கிச் சொல்லித் தந்த திணைப் பாகுபாடு, பெரட்டுக்களத்துக் கணக்கைத் தீர்த்துவைக்கிறது. இதைவிட நல்ல கருவி எந்த அகராதியிலும் கிடைக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்ப்பவர்களும் இப்படித்தான் சொல்லின் அயலைப் பார்த்து நடக்கிறார்கள். அந்த மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பால். "லிவ்ர்" என்ற சொல் ஆண்பாலில் வந்தால் புத்தகம்; பெண்பாலில் வந்தால் இறாத்தல். முன்னே நிற்கும் "ல", "லா" என்ற சிறுசொல்தான் எது என்று காட்டும். பால் உதவாத இடத்தில் வினை உதவும். "பியெஸ்" என்றால் அறை, நாணயம், நாடகம், இயந்திரத்தின் உதிரிப்பாகம் எல்லாம்தான். நடித்தார்கள் என்றால் நாடகம், பழுதானதைக் கழற்றி மாற்றினார்கள் என்றால் உதிரிப்பாகம். அவர்களுக்குப் பால், நமக்குத் திணை.

வினையோடு வேற்றுமை உருபையும் பார்க்க வேண்டும். "மலைக்குப் போறேன்" என்று காலையில் கூடையோடு புறப்படுபவர் சொன்னால், அவர் போவது தேயிலை நிற்கும் வேலைத்தளத்துக்கு. "ஆறாம் நம்பர் மலை" என்றால் தோட்டப் பதிவேட்டில் உள்ள ஆறாம் இலக்கப் பகுதி. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் "பீல்ட்"தான் வரும், "மவுண்டன்" வராது. அதே வாயால் "மலை சரிஞ்சிருச்சு" என்றால், அது மண்சரிவுக்கு அஞ்சி வாழும் மலையகத்தின் உண்மையான மலை. "கான்" என்ற சொல்லைப் பழந்தமிழ் படித்தவர் காடு என்றே கொள்வார். தோட்டத்தில் அது வடிகால். "கான் வெட்டினேன்" என்பவர் காட்டை அழிக்கவில்லை, மண் அரித்துப் போகாமல் காத்தவர்.

ஆங்கிலத்திலிருந்தே வந்த சொற்களில் இன்னும் கூடுதலான கவனம் வேண்டும். வந்த வீட்டுக்கே திரும்பிப் போவதுதானே என்று அப்படியே திருப்பி எழுதிவிடத் தோன்றும். "ஸ்டோர்" என்றால் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலை. கடையும் அல்ல, களஞ்சியமும் அல்ல. காப்பிக் கால ஆங்கிலத்தில், பறித்த காப்பியைப் பதப்படுத்திச் சேர்த்துவைத்த கட்டடத்துக்கு அந்தப் பெயர் இருந்தது. 1869இல் இலைநோய் வந்து காப்பி அழிந்தது, தேயிலை வந்தது, சொல் மட்டும் தொழிலாளர் வாயில் நிலைத்துவிட்டது. "கண்டக்டர்" பஸ்ஸில் டிக்கெட் தருபவர் அல்ல, வெளிக்கள உத்தியோகத்தர். இங்கே காலத்தைப் பார்க்க வேண்டும். பழைய தோட்ட ஆவணமானால் ஆங்கிலத்திலும் "கண்டக்டர்" என்றே விடலாம், அன்றைய தோட்ட நிர்வாகிகளான துரைமார் அப்படித்தான் எழுதினார்கள். இன்றைய முறைப்பாடானால் இன்றைய பதவிப் பெயர் வர வேண்டும். "காம்பரா" போர்த்துக்கேயம் தந்த சொல். லயம் என்ற வரிசை வீட்டில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த அறை. வெறுமனே "ரூம்" என்று எழுதினால் வீட்டில் இன்னும் பல அறைகள் உண்டு என்று வாசிப்பவர் எண்ணிவிடுவார். அந்தக் குடும்பத்துக்கு இருந்தது அது ஒன்றுதான் என்பது வசனத்தில் எங்காவது தெரிய வேண்டும்.

பொருள் தெளிந்த பிறகுதான் ஆங்கிலச் சொல்லைத் தேட வேண்டும். அதற்கு முன் யார் வாசிக்கப் போகிறார் என்ற கேள்வி. முறைப்பாட்டுக் கடிதமானால் இருபொருளுக்கு இடமே இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள், கடிதம் முழுக்க ஒரே ஆங்கிலச் சொல். பாடலானால் நிலைமை வேறு. "பேர் போச்சு" என்று ஒரு பாடலில் வந்தால் கூலியும் போனது, மானமும் போனது; இரண்டையும் சேர்த்தே பாடியவர் சொன்னார். அங்கே ஒரு பொருளை வெட்டி எறிய நமக்கு உரிமையில்லை. இரண்டையும் தாங்கும் ஆங்கிலச் சொல் கிடைக்காவிட்டால் தமிழ்ச் சொல்லையே வைத்து, முன்பின் வரிகளில் பொருளை விளங்கவைக்கலாம்.

வட்டக்கொடை மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர். தோட்டத்து நாட்டார் பாடல்களைத் திரட்டியவரும் அவரே; அத்தொகுப்பு "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்ற பெயரில் 1987இல், அவர் மறைந்த பிறகு வெளிவந்தது. இந்தப் பாடல்களை ஆங்கிலமாக்க முனைகிறவர் "தப்பு" என்ற சொல்லில் நின்றாக வேண்டும். அது பிழை, அது தப்பித்தல், அது பறை. துரைமார் அந்தப் பறையை "டொம்-டொம்" என்றார்கள். "டிரம்" என்று எழுதினால் எந்த ஊர் மேளமாகவும் ஆகிவிடும். "தப்பு" என்றே எழுதுவதுதான் சரி என்பது என் முடிவு. திருவிழாவிலும் சாவிலும் அதிர்ந்த ஒரு கருவிக்குத் துரைமார் வைத்த பெயரை நாமும் தொடர வேண்டியதில்லை.

கடைசி வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எழுதிய ஆங்கிலத்தை மறுபடி தமிழில் சொல்லி, பேசியவரிடமே படித்துக் காட்ட வேண்டும். "அம்மாயி, போன மாசம் நீங்க பதினாலு நாள் வேலை செஞ்சீங்கன்னு எழுதியிருக்கேன். சரியா?" என்று கேட்க வேண்டும். "இல்ல புள்ள, பதினாறு நாளு மலைக்குப் போனேன். பன்னண்டு முழுப்பேரு, நாலு அரைப்பேரு" என்று பதில் வரலாம். பன்னிரண்டும் நான்கு அரையும் சேர்ந்து பதினான்கு. பேர் கணக்கு சரி, நாள் கணக்குத்தான் வேறு. உடனே ஆங்கில வசனத்தை மாற்ற வேண்டும்: பதினாறு நாள் வேலை செய்தார், பதினான்கு நாளுக்கான கூலி பெற்றார். பிறகு சொற்பட்டியலில் "பேர்" என்பதன் கீழ் அந்த வசனத்தையும் வினையையும் ஆண்டையும் குறித்து, "அரைப்பேர்" என்பதைத் தனிச் சொல்லாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.