உப்புக்காற்றில் ஒரு கேம் பெட்டி

வணிகரீதியாக விற்பனைக்கு வந்த, காசு போட்டு ஆடும் முதல் வீடியோ கேம் 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்'. 1971-ல் அமெரிக்காவில் அறிமுகமானது. அதன் பெட்டி முழுக்க வளைவும் நெளிவும்தான். நோலன் புஷ்னெல் களிமண்ணில் பிடித்துக் காட்டிய உருவத்தை ஃபைபரில் வார்த்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டே அவரும் டெட் டாப்னியும் தொடங்கிய அட்டாரி நிறுவனத்தின் 'பாங்', சாதாரண மரப்பெட்டிக்குத் திரும்பியது. பிறகு வந்த கேம் பெட்டிகளில் பெரும்பாலானவை பலகையை அறுத்துச் செய்தவைதான்.

இராமேஸ்வரம் கரையில் நடந்தது நேர் எதிர். இங்கே ஓடாவிகள் பலகை இழைத்து, இடுக்குகளில் கலப்பத்து அடித்துக் கட்டிய நாட்டுப்படகுகளின் இடத்தை ஃபைபர் படகுகள் பிடித்தன. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரை நெடுகிலும் இந்த மாற்றம் வேகமெடுத்தது. மரப்பெட்டி நின்றது மதுக்கடை மூலையில். மரப்படகு கிடந்தது உப்புத் தண்ணீரில். இரண்டின் தலையெழுத்தும் வேறாகப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தத் தீவில் வீட்டிலேயே கேம் பெட்டி செய்ய நினைக்கும் ஒருவர் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார். பெட்டி கடலில் மிதக்கப் போவதில்லை. ஆனால் கடல் காற்று ஜன்னல் வழியாக வந்துவிடும். தொண்ணூறுகளில் மணிக்கணக்கில் காசு கொடுத்து 'கான்ட்ரா', 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' ஆடிய தலைமுறைக்கு இன்று உள்ளே வைக்கும் சரக்கு பெரிய பிரச்சினையே இல்லை. ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்று, பழைய மானிட்டர், ஒரு ஜாய்ஸ்டிக், பத்துப் பன்னிரண்டு பட்டன்கள் போதும். பெட்டிதான் இடிக்கும்.

வெளிநாட்டு வரைபடங்கள் பெரும்பாலும் எம்.டி.எஃப். பலகையைச் சொல்லும். மர இழையைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை அது. ரேகை இல்லாததால் எந்தப் பக்கம் அறுத்தாலும் சிராய் கிளம்பாது, பெயின்ட் கண்ணாடிபோல் உட்காரும். குளிரூட்டிய அறைக்கு அது சரி. இராமேஸ்வரத்து வீட்டுக் கூடத்தில் அறுத்த விளிம்பு ஈரத்தை உறிஞ்சும், இழைகள் உப்பும், ஒரு தடவை உப்பினால் காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது. எடையையும் யோசிக்க வேண்டும். 8-க்கு 4 அடி, 18 மி.மீ. பலகை ஒன்றே ஏறக்குறைய 40 கிலோ வரும்.

ஈரம்கூடப் பரவாயில்லை, உப்புதான் வினை. சமையல் உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தானாகக் கசிந்து கரையத் தொடங்கும். கடல் உப்பில் கூடவே இருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ஆகவே, தரை நன்றாகக் காய்ந்து கிடக்கும் மத்தியான வேளையிலும், பெட்டியின் பின்பலகையில் இருக்கும் ஸ்க்ரூவின் தலைமேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று ஒட்டிக்கொண்டே இருக்கும். இரும்பு துருப்பிடிக்க அதுவே தாராளம். துரு பருக்கும்போது ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள பலகை பிளக்கும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமான செக்ரி, உலோகங்களைக் கடல் காற்றில் நிறுத்திச் சோதிக்கப் பக்கத்து ஊரான மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டது இதே காற்றுக்காகத்தான். கேம் பெட்டிக்கு அவ்வளவு வேண்டாம். 304 ரக எஸ்.எஸ். ஸ்க்ரூவே வீட்டுக்குள் தாங்கும். ஜன்னலைத் திறந்தால் கடல் என்றால், மாலிப்டினம் கலந்த 316 நல்லது.

பலகைக்கு வருவோம். கடையில் 'கமர்ஷியல் ப்ளை' என்று தருவது பெரும்பாலும் ஐ.எஸ். 303-ன் எம்.ஆர். ரகம். யூரியா பசையால் ஒட்டியது. நாள்பட்ட ஈரத்தில் அந்தப் பசை சிதையும். தச்சர்கள் 'செவன் டென்' என்று கேட்டு வாங்குவது ஐ.எஸ். 710 மரைன் ப்ளை. இதில் ஃபீனால் பசை. துண்டை 72 மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவிட்டாலும் அடுக்குகள் பிரியக் கூடாது என்பது சோதனை விதி. விலை அதிகம்தான். ஆனால் இந்தக் கரையில் அந்தக் காசு வீண் இல்லை. முத்திரையை மட்டும் நம்பாமல் விளிம்பைப் பார்க்க வேண்டும். நடு அடுக்கில் சந்து தெரிந்தால், முட்டியால் தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் பொக்கென்று கேட்டால், வேறு பலகை எடுப்பது நல்லது.

மரைன் ப்ளை தமிழ்க் கடலுக்குப் புதிதல்ல. 1980-களில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான 'சிஃப்ஸ்', கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கரைகளில் ப்ளைவுட் வள்ளங்களைப் பரப்பியது. தட்டையான பலகைகளை அச்சுப் பிசகாமல் வெட்டி, விளிம்பில் துளையிட்டு, கம்பியால் தைத்து, மூட்டில் ரெசினும் கண்ணாடியிழை நாடாவும் ஒட்டும் முறை அது. அறுத்த விளிம்பு வழியாகத்தான் தண்ணீர் ஏறும் என்பது படகு கட்டுபவர்களுக்கு அத்துப்படி. கேம் பெட்டி செய்பவர் எடுத்துக்கொள்ள வேண்டியதும் அதுவே. ஒவ்வொரு விளிம்புக்கும், ஒவ்வொரு பட்டன் துளையின் உட்சுவருக்கும் எபாக்சி பூசிவிட்டுத்தான் பெயின்டைத் தொட வேண்டும்.

பலகை முடிவானால் கருவி பாதி முடிவான மாதிரி. ஜிக்சாவிலும் கையில் பிடிக்கும் வட்ட ரம்பத்திலும் பல் கீழிருந்து மேலே ஏறி அறுக்கும். சிராய் மேல்பக்கம்தான் பிய்யும் என்பதால் நல்ல முகத்தைக் கீழே கவிழ்த்துப் போட வேண்டும். டேபிள் ரம்பத்தில் நேர்மாறு.

பெட்டியின் இரண்டு பக்கப் பலகைகளும் அச்சாக ஒன்றுபோல் இல்லாவிட்டால் மானிட்டர் கோணலாக உட்காரும். இதற்குச் சிக்கனமான வழி ஒன்று உண்டு. 6 மி.மீ. எம்.டி.எஃப். துண்டில் பக்கவாட்டு உருவத்தை நிதானமாக வெட்டி, அரத்தால் தேய்த்து அச்சு தயாரிப்பது. ப்ளைவுட்டை ஜிக்சாவில் கோட்டுக்கு இரண்டு மி.மீ. வெளியே தள்ளி அறுப்பது. பிறகு பேரிங் பொருத்திய பிட்டை ரவுட்டரில் மாட்டி ஓட்டினால், பேரிங் அச்சைத் தடவிக்கொண்டே போக, பிட் மிச்சத்தைச் சீவிவிடும். எம்.டி.எஃப்.புக்கு இந்தக் கரையில் ஏற்ற வேலை இதுதான்.

மதுரை போன்ற ஊர்களில் கதவுக்கும் பூஜை அறைத் தடுப்புக்கும் டிசைன் வெட்டும் சி.என்.சி. பட்டறைகளில் கொடுத்தால் துல்லியம் இன்னும் கூடும். ஆனால் பிட் உருண்டை. 6 மி.மீ. பிட் உள்மூலையில் 3 மி.மீ. வளைவை விட்டுவிடும், ஒன்றில் ஒன்று செருகும் மூட்டுகளை வரையும்போதே இதற்கு இடம்விட வேண்டும். லேசர் வெட்டு மெல்லிய பலகைக்கும் அக்ரிலிக்குக்கும் அழகு. 18 மி.மீ. மரைன் ப்ளையில் ஃபீனால் பசைக்கோடுகள் கருகிப் புகையும். ஈரத்துக்கும் கரையானுக்கும் அஞ்சாத பி.வி.சி. ஃபோம் பலகையை ரம்பத்தால் சுலபமாக அறுக்கலாம், ஸ்க்ரூ பிடிப்பு மட்டும் குறைவு. லேசரில் வைக்கவே கூடாது. ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பி நுரையீரலையும் இயந்திரத்தையும் சேர்த்து அரிக்கும்.

அப்படியானால் படகுபோலவே பெட்டியையும் ஃபைபரில் வார்த்துவிடலாமே? ஒரே ஒரு பெட்டிக்காக அச்சு செய்யும் செலவு கட்டாது. அறுக்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் தோலில் ஏறினால் நாள் முழுக்க அரிக்கும். மரத்தூளும் லேசுப்பட்டதல்ல, புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை உறுதிசெய்த முதல் பிரிவில் அதுவும் இருக்கிறது. எந்தப் பலகையானாலும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, திறந்த முற்றத்தில் அறுப்பது நல்லது.

பட்டன் வாங்கும் முன் பலகையின் கனத்தை அளந்துகொள்ள வேண்டும். ஜப்பானிய பாணியில் அழுத்திச் செருகும் 30 மி.மீ. பட்டன்கள் சில மி.மீ. கனத் தகட்டுக்கானவை, 18 மி.மீ. ப்ளையில் கவ்வாது. நீண்ட மரையும் நட்டும் உள்ள ரகம் வாங்கலாம். இல்லையென்றால் கைவைக்கும் பகுதிக்கு மட்டும் 3 மி.மீ. அலுமினியத் தகடு வைக்கலாம்.