காக்காய் வலிப்பு: தீர்க்கக்கூடிய நோயைத் தீராததென எண்ணலாமா?

(வட்டார வளர்ச்சி அலுவலர், கீழ்பென்னாத்தூர்)

நமது கிராமங்களில் காக்காய் வலிப்பைப்போல் மக்களை அச்சுறுத்தும் நோய் வேறொன்று இல்லை எனலாம். நோயினால் விளையும் துன்பத்தைக் காட்டிலும், அதைப்பற்றிய தவறான எண்ணங்களால் விளையும் துன்பமே பெரிது. வலிப்புள்ள பிள்ளையின் படிப்பு நின்றுவிடுகிறது. பெண்ணின் திருமணம் தடைப்படுகிறது. உழைக்கும் வயதுடையவன் வீட்டிலேயே முடங்கிக் கிடக்கிறான். ஆதலால் இந்நோயைப்பற்றி இன்றைய விஞ்ஞானம் கண்டறிந்துள்ள உண்மைகளை நாம் யாவரும் தெரிந்துகொள்வது அவசியம்.

வலிப்புக்கு 'முயலகன்' என்ற பெயரும் தமிழில் வழங்கிவந்துள்ளது. நடராசப் பெருமானின் திருவடியின்கீழ்க் கிடப்பவனும் முயலகனே. கொல்லி மழவன் மகளைப் பற்றியிருந்த முயலகன் நோயைத் திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்தில் தீர்த்தருளிய வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகிறது. ஆகவே இஃது இன்று நேற்றுத் தோன்றிய நோயன்று. அரசன் மகளையும் விடாத நோய் என்பதும் இதனால் விளங்கும்.

வலிப்பு என்பது யாது?

நமது மூளையிலுள்ள உயிரணுக்கள் மிக நுண்ணிய மின் துடிப்புகளால் ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன. அத்துடிப்புகள் ஒழுங்கு தவறி, ஏராளமான உயிரணுக்கள் ஒரே சமயத்தில் துடிக்கும்போது வலிப்பு உண்டாகிறது. 1924ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவரான ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின் துடிப்பை முதன்முதலில் கருவிகொண்டு பதிவு செய்தார். இ.இ.ஜி. எனப்படும் அப்பரிசோதனை இன்றும் வலிப்பு நோயை ஆராயப் பெரிதும் பயன்படுகிறது. பேய் பிசாசுக்கு இதில் இடமில்லை. இது தொட்டால் ஒட்டும் நோயுமன்று.

ஒரே ஒரு முறை வலிப்பு வந்தவரெல்லாம் வலிப்பு நோயாளராகிவிடமாட்டார். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கடுங்காய்ச்சலில் வரும் வலிப்பு வேறு. அது பெரும்பாலும் வயது ஏற ஏற நின்றுவிடும். எனினும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

ஒரு நோயன்று, பல நோய்கள்

நாம் ஒரே பெயரால் குறிப்பிடும் வலிப்பு, உண்மையில் பலவகை நோய்களின் தொகுதியாகும். 1909ஆம் ஆண்டில் தோன்றிய உலக வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் இவற்றை வகைப்படுத்தி வந்துள்ளது. அக்கழகம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட பாகுபாடு, 2025இல் மேலும் திருத்தப்பட்டது. மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்பு, இரு பக்கங்களையும் பற்றும் பொது வலிப்பு என்பன முக்கியமான பிரிவுகள். காரணத்தை நோக்கினால் மூளையில் ஏற்பட்ட காயம் அல்லது குறை, மரபு, நோய்த்தொற்று, உடலின் இரசாயன மாறுபாடு, நோய் எதிர்ப்பாற்றலின் கோளாறு, காரணம் புலப்படாதவை என ஆறு வகையாகப் பிரிக்கலாம்.

இந்தப் பாகுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. மருந்தைத் தீர்மானிப்பதே இதுதான். உதாரணமாக, பள்ளியில் பாடம் கேட்டுக்கொண்டிருக்கும் சிறுமி சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒன்றும் நடவாததுபோல் எழுதத் தொடங்குவாள். கவனக்குறைவு என்று ஆசிரியர் கடிந்துகொள்வார். ஆனால் இதுவும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம். வேறுவகை வலிப்புக்கு நன்கு பயன்படும் கார்பமசெபின் என்னும் மருந்து, இவ்வகை வலிப்பை அதிகப்படுத்திவிடக்கூடும். ஆகையால் அடுத்த வீட்டாருக்குக் குணமளித்த மாத்திரையை நாமும் வாங்கி உண்பது தகாது. வலிப்பு எப்படித் தொடங்கிற்று, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை உடனிருந்தவர் கவனித்துச் சொல்வது மருத்துவருக்குப் பேருதவியாகும். கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டுவது இன்னும் நன்று.

அண்டையிலேயே கண்ட உண்மை

நம் மக்கள் சிகிச்சைக்காகச் செல்லும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள், வேலூர் மாவட்டத்தில் வீடு வீடாகச் சென்று ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்களை விசாரித்து ஆராய்ந்தனர். 2006இல் வெளியான அவ்வாராய்ச்சியின்படி, ஆயிரம் பேரில் ஏறத்தாழ நால்வருக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் காரணம், மூளையில் தங்கிய நாடாப்புழுவின் இளம் பருவக் கட்டியாகும்.

இப்புழு பன்றியின் மூலம் பரவுவது. சரிவர வேகாத பன்றி இறைச்சியை உண்பவரின் குடலில் புழு வளர்கிறது. அவருடைய மலத்தின் வழியே முட்டைகள் வெளியேறுகின்றன. திறந்தவெளியில் மலம் கழித்தால் அம்முட்டைகள் மண்ணிலும், நீரிலும், கீரை காய்கறிகளிலும் கலந்து பிறருடைய வயிற்றை அடைகின்றன. பின்னர் இரத்தத்தின் வழியே மூளைக்குச் சென்று கட்டியாக அமைகின்றன. ஆகவே புலால் உண்ணாதவர்க்கும் இந்நோய் வரும். கழிப்பறையும், சோப்பிட்டுக் கை கழுவும் பழக்கமும், பன்றிகளைத் தெருவில் திரியவிடாமல் அடைத்து வளர்ப்பதும் வலிப்பைத் தடுக்கும் சாதனங்கள் என்பதை ஊராட்சிகள் உணர வேண்டும். வீட்டில் கழிப்பறை கட்டிவிட்டு அதை விறகு அடுக்கப் பயன்படுத்துவது எவ்வளவு கேடு என்பதும் இதனால் தெளிவாகும்.

பரம்பரை நோயா?

கிராமங்களில் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இது. சில வகைகளில் மரபுக்குப் பங்குண்டு. பல வகைகளில் இல்லை. தலைக்காயத்தாலோ புழுக்கட்டியாலோ வந்த வலிப்பை மரபின்மேல் ஏற்றுவது பொருந்தாது. வலிப்புள்ளவருக்குப் பிறக்கும் குழந்தைகள் நூறு பேரில் தொண்ணூறுக்கு மேற்பட்டோருக்கு வலிப்பு வருவதேயில்லை.

மரபணு ஆராய்ச்சி கடந்த முப்பது ஆண்டுகளில் விரைந்து வளர்ந்துள்ளது. குடும்பவழி வரும் ஒருவகை வலிப்புக்குரிய மரபணு முதன்முதலாக 1995இல் கண்டறியப்பட்டது. குழந்தைகளுக்கு வரும் டிராவெட் என்னும் கடுமையான வலிப்புக்குக் காரணமான மரபணு 2001இல் தெரியவந்தது. அவ்வகையெனத் தெரிந்தால் எந்த மருந்துகளை விலக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. தலையில் வெந்நீர் ஊற்றிக் குளிக்கும்போது வரும் வலிப்பு தென்னிந்தியாவில், சிறப்பாகக் கர்நாடகத்தில், மிகுதியாகக் காணப்படுவது. சில குடும்பங்களில் அதற்குரிய மரபுக்கூறு 4ஆம், 10ஆம் குரோமோசோம்களில் இருப்பதாகப் பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் 2009இல் கண்டனர். நீரின் சூட்டைக் குறைத்தாலே இவ்வகையினர் பலர் நலம் பெறுகின்றனர்.

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. லஃபோரா நோய் போன்ற சில அரிய, கொடிய வலிப்பு நோய்கள், தாய் தந்தை இருவரிடமும் ஒரே குறையுள்ள மரபணு இருந்தால் தோன்றுகின்றன. அத்தகைய தம்பதியரின் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு அபாயம் உண்டு. அக்காள் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் வழக்கத்தால் இவ்வபாயம் பெருகுகிறது.

வலிப்புள்ளவர் மணம் செய்துகொள்ளலாமா என்றால், தாராளமாகச் செய்துகொள்ளலாம். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாகக் கூறப்பட்டிருந்த பகுதி 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் இரு வீட்டாரும் உண்மையை முன்பே பேசிக்கொள்ளுதல் நலம். மறைத்து மணம் செய்விக்கப்பட்ட பெண், மாத்திரையையும் மறைக்க நேர்ந்து, மருந்தின்றித் துன்புறுகிறாள்.

சிகிச்சை

1912இல் பீனோபார்பிட்டாலும், 1938இல் பெனிட்டாயினும் வலிப்புக்குப் பயன்படத் தொடங்கின. பின்னர் வால்புரோயேட், லெவெட்டிரசெட்டம் முதலிய பல மருந்துகள் வந்துள்ளன. தக்க சிகிச்சை பெற்றால் நூற்றுக்கு எழுபது பேர்வரை வலிப்பின்றி வாழ இயலும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. விலை மலிந்த பழைய மருந்துகளைக் கொண்டே கிராம நோயாளர் பலரைக் காக்க முடியும் என்பதைக் கர்நாடகத்தின் எலந்தூரில் டாக்டர் கே. எஸ். மணி குழுவினர் செய்து காட்டினர். அரசு மருத்துவமனைகளில் வலிப்பு மருந்துகள் இலவசமாகவே வழங்கப்படுகின்றன.

சிகிச்சை வீணாவது பெரும்பாலும் மருந்தை இடையில் நிறுத்துவதால்தான். 'ஆறு மாதமாக வரவில்லை, இனி எதற்கு' என்று தாமாக நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும். பொதுவாக இரண்டாண்டுகளாவது வலிப்பின்றிக் கழிந்த பின்னரே, மருத்துவர் ஆராய்ந்து படிப்படியாகக் குறைப்பார். குழந்தை பெறும் வயதுள்ள பெண்கள் வால்புரோயேட் உண்டு வந்தால், கருவுறுமுன் மருத்துவரைக் கலந்து மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அம்மருந்து கருவிலுள்ள சிசுவுக்குக் கேடு செய்யும். மருந்துக்கு அடங்காத சிலருக்கு அறுவை சிகிச்சையும் உண்டு.

வலிப்பு கண்டபோது செய்ய வேண்டுவன

இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதால் பயனில்லை. வாயில் கரண்டியோ துணியோ செருகலாகாது, நீர் புகட்டலாகாது, கைகால்களை அழுத்திப் பிடிக்கலாகாது. அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றி, தலையின்கீழ் மடித்த துணியை வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலும் உடனே 108 ஊர்தியை அழைக்க வேண்டும். நோய் கட்டுப்படும்வரை கிணற்றில் தனியே குளிப்பதும், விறகடுப்பின்முன் தனியே இருப்பதும், வண்டி ஓட்டுவதும் கூடா.

ஊராட்சித் தலைவர்களும், ஆசிரியர்களும், மகளிர் சுய உதவிக் குழுவினரும், கிராம சுகாதாரச் செவிலியரும் தத்தம் ஊரில் வலிப்போடு மறைந்து வாழ்பவரைக் கண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சிகிச்சையின் முதற்படி அதுவே. படிப்பை விட்ட பிள்ளையைப் பள்ளிக்குத் திரும்பச் செய்வதும், வேலையிழந்தவருக்கு ஏற்ற வேலையைத் தேடித் தருவதும் அடுத்த படி. சாலையும் கட்டடமும் அமைப்பதைப் போன்றே இதுவும் கிராம முன்னேற்றப் பணியாகும்.