கர்ப்பிணியின் சினைப்பையில் நீர்க்கட்டி

ஸ்கேனில் 'சினைப்பையில் கட்டி' என்று வந்துவிட்டால் போதும், ஊரிலிருக்கும் அம்மாவுக்கு உடனே போன் போகும். சகோதரிகளே, பதற வேண்டாம். கருமுட்டை வெளியேறிய இடத்தில் உண்டாகும் நீர்ப்பைதான் பெரும்பாலும் அது. நஞ்சு வளர்ந்து பொறுப்பேற்கும் வரை, சுமார் 10 வாரம், கருவைத் தாங்கும் புரொஜெஸ்டிரோனைச் சுரப்பதே அந்த இடம்தான்! அவசரப்பட்டு அகற்றச் சொல்லாதீர்கள்; 16 வாரத்துக்குள் பெரும்பாலும் தானே சுருங்கிவிடும். பெரிதாகிக்கொண்டே போனாலோ, உள்ளே திடப்பகுதி தெரிந்தாலோ ஆபரேஷன் தேவைப்படலாம். அதையும் பொதுவாக நான்காம் மாதம் வரை தள்ளிவைப்பார்கள்.

ஆனால் அடிவயிற்றில் ஒரு பக்கமாகத் திடீரென்று கடும் வலியும் வாந்தியும் வந்தால் எந்த மாதமானாலும் காத்திருக்கக் கூடாது. சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சூட்டு வலி என்று வெந்தயம் கொடுத்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பிரசவத்துக்கு ஊருக்கு ரயிலேறுகிறவர்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பெட்டியில் பூட்டாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.