மெட்டு வாங்கியவர், பாட்டைக் கொடுத்தவர்

ஒருவர் படைப்பை இன்னொருவர் எடுத்தாள்வது தமிழில் பழைய வழக்கம். நந்தனார் கதையே அதற்குச் சாட்சி. சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் பெயரளவில் சொன்னதை நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டாக்கினார். சேக்கிழார் அதை முழு வரலாறாக விரித்தார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி, பெரியபுராணத்தில் இல்லாத ஒரு வேதியப் பண்ணையாரைக் கதைக்குள் கொண்டுவந்து, நந்தனின் சிதம்பரப் பயணத்துக்குக் குறுக்கே நிறுத்தினார். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை; சிறப்புப் பாயிரம் தராமல் நாள் கடத்தினார். கடைசியில் பாட்டைக் காதால் கேட்டு உருகி எழுதிக் கொடுத்ததாக உ.வே. சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார்.

அந்தப் பண்ணையாரின் ஏளனத்தைத்தான் சுப்பிரமணிய பாரதி கடன் வாங்கினார். மார்கழித் திருநாளுக்குப் போக ஆசைப்பட்ட நந்தனை ஆண்டை இகழும் பாட்டின் மெட்டில், சுயராஜ்யம் கேட்கும் இந்தியனை ஆங்கிலேய அதிகாரி இகழ்வதாக ஒரு பாட்டு எழுதினார். எந்தப் பாட்டின் வர்ணமெட்டு என்பதையும் தலைப்பை ஒட்டியே குறித்தார். இது வெறும் மரியாதைக் குறிப்பன்று. பழைய பாட்டு காதில் ஒலித்தால்தான் புதிய பாட்டு சுடும். சேரி ஆளைத் தான் நடத்தும் விதத்தில்தான் துரை தன்னை நடத்துகிறான் என்பது கேட்பவனுக்கு உறைக்கும். குறிப்பை விட்டு அச்சிட்டால் பாதிப் பொருள் போச்சு.

1921இல் பாரதி மறைந்த பின் அவர் பாட்டுக்கே உரிமைச் சண்டை வந்தது. நூல் உரிமை தம்பி சி. விசுவநாதனிடம் இருந்தது. இசைத்தட்டு உரிமை ஜேசிங்லால் மேத்தா என்ற வணிகரிடமிருந்து ஏ.வி. மெய்யப்பன் கைக்கு வந்தது. அவர் எடுத்த ‘நாம் இருவர்’ படம் 1947இல் பாரதி பாடல்களோடு வெளிவந்து வெற்றி பெற்றது. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தபோது மெய்யப்பன் சட்டத்தை நாடினார். காசு கொடுத்து வாங்கிய உரிமை. சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. ஆனால் விடுதலைக்குப் பாடியவன் பாட்டை விடுதலைக்குப் பின் அனுமதி கேட்டுப் பாடுவதா என்ற கோபம் நியாயமானது. டி.கே. சண்முகம், நாரண துரைக்கண்ணன் முதலியோர் பாட்டைப் பொதுவாக்கக் கிளர்ச்சி செய்தனர்.

முடிவு சென்னை மாகாண முதல்வர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசிடம் போயிற்று. 1949 மார்ச்சில், கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் பாரதி படைப்புகளை அரசு ஏற்பதாக அறிவித்தார். மெய்யப்பன் விலை வாங்காமல் தம் உரிமையைக் கொடுத்தார். குடும்பத்தாருக்கு அரசு பணம் தந்தது. பாரதியின் மனைவி செல்லம்மாள் அதுவரை பட்ட வறுமையை நினைத்தால் தாமதமாக வந்த பணம். தமிழக அரசு பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்கியதற்கு இதுவே வழிகாட்டி.

நாட்டுடைமை அனுமதிச் சிக்கலைத் தீர்க்கும். பெயர் போடும் கடமையைத் தீர்க்காது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு இதைத் தனியாகப் பிரிக்கிறது: உரிமையை விற்ற பிறகும், எழுதியது தான்தான் என்று சொல்லவும், பெயருக்கு இழுக்கு வரும்படி சிதைத்தால் எதிர்க்கவும் ஆசிரியருக்கு வழி உண்டு. பாரதி பாட்டுக்குப் புது மெட்டுப் போடுவது தவறில்லை, அவரே அப்படி வளர்ந்தவர். சரணத்தை வெட்டி, இடையில் வேறு வரி செருகி, முழுவதையும் பாரதி தலையில் கட்டுவதுதான் தவறு.

பாரதியின் புதுவை நண்பர் அரவிந்தரின் எழுத்துகள் வேறு வழியில் போயின. அவர் 1950 டிசம்பர் 5 அன்று காலமானார். உரிமை ஆசிரம அறக்கட்டளையிடம் இருந்தது. ஆசிரியர் மறைவுக்குப் பின் 50 ஆண்டு என்றிருந்த காலத்தை, தாகூர் நூல்களின் உரிமை முடியும் தறுவாயில், 1992இல் நாடாளுமன்றம் 60 ஆக்கியது. அதனால் அரவிந்தர் எழுத்துகள் 2011 ஜனவரியில்தான் பொதுவுக்கு வந்தன. ஆரோவில் நகரம் எந்தத் தனி மனிதருக்கும் சொந்தமன்று, மனித குலம் முழுமைக்கும் உரியது என்று 1968 பிப்ரவரி 28 சாசனத்தில் எழுதிய, அதே ஆசிரமத்தின் அன்னை 1973இல் மறைந்தார். ஆனால் சட்டக் கணக்கில் அவருடைய எழுத்துகளுக்கு 2033 முடியும் வரை காப்பு உண்டு.