உங்களுக்குத் தெரியுமா? பி செல்லை யாரும் சந்தேகிக்கவில்லை

● மின்கம்பிக்கு மேலுறை போல, நம் நரம்பிழைகளுக்கு மயலின் என்ற கொழுப்புறை உண்டு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் அதைப் பிய்த்தெடுப்பது உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்களேதான். மூளையிலும் தண்டுவடத்திலும் அங்கங்கே தழும்பு விழும். 1868-ல் பாரிஸ் மருத்துவர் ஷார்கோ அந்தத் தழும்புகளை வைத்தே இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார்.

● எதிர்ப்பு சக்தியை எப்படியாவது அடக்கினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். முடக்குவாதத்துக்குக் கைகொடுக்கும், டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்து இந்த நோயைக் கூட்டிவிடுகிறது. இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைக் கொடுத்துப் பார்த்தபோதும் அதே கதிதான். அதே பெயர்க் குடும்பத்து இன்டர்ஃபெரான் பீட்டாவோ பலன் தந்து, 1993-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

● பல்லாண்டுகள் பழியெல்லாம் டி செல் என்ற நோய் எதிர்ப்பு அணுவின் மீதுதான். இன்னொரு எதிர்ப்பு அணுவான பி செல் பக்கம் பார்வையைத் திருப்பியவர்களில் முக்கியமானவர் கலிஃபோர்னியா மருத்துவர் ஸ்டீஃபன் ஹவுசர். பி செல்லை அழிக்கும் ரிட்டக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்தை 104 பேரிடம் சோதித்த ஆய்வு 2008-ல் வெளிவந்தது. மூளையில் புதிய அழற்சிப் புள்ளிகள் மளமளவெனக் குறைந்திருந்தன. எனக்கு வியப்பு அதில் இல்லை. பி செல்லிலிருந்து உருவாகி ஆன்டிபாடியைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களை இந்த மருந்து தொடுவதே இல்லை. ஆன்டிபாடி அளவு பெரிதாக இறங்காமலே நோய் தணிந்தது! அப்படியானால் பி செல்லின் வேலை வேறு: எதைத் தாக்குவது என்று டி செல்லுக்குக் காட்டிக்கொடுப்பதும், தூண்டும் வேதிப்பொருள்களைச் சுரப்பதும். இந்த வழியில் வந்த ஓக்ரெலிசுமாப், 2017-ல் அனுமதி பெற்றது. தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்ல முற்றும் வகைக்குக் கிடைத்த முதல் மருந்து அதுதான்.

● நோய்க்கு வித்து எது என்று தேடி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களின் பதிவுகளை அலசியது ஹார்வர்டின் ஆல்பெர்ட்டோ அஷெரியோ குழு. ஆராய்ந்த 801 நோயாளிகளில், எப்ஸ்டீன்–பார் வைரஸ் தொற்றாமலே நோய் கண்டவர் ஒரே ஒருவர். 2022-ல் வந்த இந்த ஆய்வு, தொற்றுக்குப் பின் ஆபத்து 32 மடங்கு ஏறுவதாகக் காட்டியது. அந்த வைரஸ் ஆயுள் முழுக்கப் பதுங்கியிருக்கும் இடம் எது தெரியுமா? பி செல்! ஆனால், பெரியவர்களில் பெரும்பாலோரிடம் இந்த வைரஸ் உண்டு. நோய் வருவதோ மிகச் சிலருக்கு. அதனால் தொற்றிய எவரும் பயப்பட வேண்டியதில்லை.

● இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வுக்கூடத்தில், விலங்குகளுக்கு இந்த நோயை வரவழைக்கவே ஒரு செயற்கைப் புரதத்தைச் செய்தார்கள். அது நோயைத் தடுத்தது. இன்று அதுதான் கிளாட்டிராமர் என்ற ஊசி மருந்து.

● புதிய தாக்குதல் எதுவும் இல்லை, ஸ்கேனும் மாறவில்லை. ஆனாலும் போன வருடத்தைவிடக் கால் கனக்கிறது என்கிறார் நோயாளி. அவர் சொல்வதை நம்ப வேண்டும். மூளையிலேயே குடியிருக்கும் மைக்ரோக்ளியா அணுக்கள் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கலாம். ஓக்ரெலிசுமாப் போன்ற ஆன்டிபாடி மருந்துகள் பெரிய மூலக்கூறுகள் என்பதால் அங்கே அதிகம் நுழைவதில்லை. பி செல், மைக்ரோக்ளியா இரண்டிலும் உள்ள பி.டி.கே. என்ற நொதியை, மூளைக்குள் புகக்கூடிய சிறு மூலக்கூறு மாத்திரையால் தடுக்க முடியுமா என்று இப்போது சோதிக்கிறார்கள்.