ஒரே தெருவில் நான்கு பைனான்ஸ்

கடை பெருகினால் விலை குறையும் என்பார்கள். கடன் மட்டும் எப்போதும் அதற்குக் கட்டுப்படுவதில்லை. ஒரே தெருவில் நான்கு நிறுவனங்கள் குழுக் கடன் கொடுக்க வந்தால், வட்டி குறைகிறதோ இல்லையோ, விசாரணை குறைந்துவிடுகிறது. போட்டி முற்றினால் ஏழைக் கடனாளிகள் முன்பைவிட மோசமான நிலைக்குப் போகலாம் என்று கிரெய்க் மெக்கின்டாஷ், புரூஸ் வைடிக் என்ற பொருளியலாளர்கள் 2005-இல் எழுதினார்கள். யார் எங்கே எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்பது தெரியாமலே நிறுவனங்கள் கொடுக்கின்றன. ஒரு தவணையைக் கட்ட இன்னொரு கடன் வாங்க வேண்டியதாகிறது.

ஆந்திராவில் இது 2010-இல் வெடித்தது. கடனாளிகளின் தற்கொலைச் செய்திகளுக்குப் பின் அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட, வசூல் ஏறக்குறைய நின்றே போனது. கையைச் சுட்டுக்கொண்ட நிறுவனங்கள் மற்ற மாநிலங்களிலும் கடனைச் சுருக்கின. அப்படிக் கடன் சுருங்கிய மாவட்டங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள் எமிலி பிரேசா, சிந்தியா கின்னன் இருவரும், அங்கே தினக்கூலியே குறைந்ததைக் கண்டார்கள். கடனே வாங்காத கூலிக்காரருக்கும் அடி! நல்ல காலத்தில் அள்ளிக் கொடுத்துவிட்டு, கெட்ட காலத்தில் எல்லோரும் சேர்ந்து கையை மூடுவது கடன் சந்தையின் பழைய வழக்கம்.

இதற்கு ஒரு கடிவாளம் உண்டு. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தருவது நுண்கடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கணவரின் பைக் டியூவும் இதில் சேர்த்திதான்.

ஏமாற்று நடப்பது விண்ணப்பப் படிவத்தில். வீட்டு வருமானம் 18,000 என்று வைத்துக்கொள்வோம். பாதி 9,000. ஏற்கெனவே மூன்று கடனுக்கு மாதம் 9,500 போகிறது என்றால் நாலாவது கடன் தரவே கூடாது. ஆனால் களப் பணியாளர் வருமானக் கட்டத்தில் 24,000 என்று எழுதிவிட்டால் வரம்பு 12,000 ஆகிவிடும். இன்னும் 2,500 தவணைக்கு இடம் கிடைத்துவிடும். ஆகவே அந்தக் கட்டம் காலியாக இருக்கும்போது கையெழுத்துப் போடாதீர்கள். வட்டி, கட்டணம், இன்ஷூரன்ஸ் எல்லாம் எழுதிய லோன் கார்டைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். முன்கூட்டியே கடனை முடித்தால் அபராதம் கிடையாது. தவணை தவறினாலும் அபராதம் நிலுவைத் தொகைக்கு மட்டும்தான், முழுக் கடனுக்கும் அல்ல.

வசூலுக்கும் வரம்பு இருக்கிறது. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது. வீட்டுக்கு வருவதும், குறித்த இடத்துக்கு நீங்கள் தொடர்ந்து இரண்டு முறையாவது வராமல் போன பிறகுதான். திட்டுவது, மிரட்டுவது, உறவினரைத் தொல்லை செய்வது, பெயரை ஊரறியச் செய்வது எல்லாமே தடை செய்யப்பட்டவை. கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு 2025-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. பதிவில்லாத கந்துவட்டிக்காரர் என்றால் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது கேளுங்கள்.

பதிவு பெற்ற நிறுவனம் என்றால் முதலில் அதற்கே எழுதுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. இடையில் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.